ஆரவல்லிக் குன்றுகளில் இளவேனில் உலா

டில்லி நகரை ஒட்டிய ஆரவல்லிக் குன்றுகளில் இளவேனில் என்பது பெப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையுள்ள சில வாரங்களே ஆகும். தன்னார்வத் தொண்டர்கள் மாணவர்களையும் பொதுமக்களையும் அழைத்துச் சென்று மரங்களைக் காட்டுவதற்கு ஏற்ற காலம் இதுவே. உலாவை நடத்தும் ஆசிரியர் முதலில் விளக்க வேண்டியது ஒன்றுண்டு. குளிர் நாடுகளில் மரங்கள் குளிருக்கு முன் இலையுதிர்க்கின்றன. இங்கோ பல மரங்கள் குளிர் நீங்கிய பின்னரே இலையுதிர்த்து, உடனே தளிர்க்கின்றன. மாணவர் இதனை மரம் பட்டுப்போனதாகக் கருதிவிடக் கூடும்.

இலைகளற்ற கிளைகளில் இலவு செம்மலர்களைத் தாங்கி நிற்கும் காட்சியைக் கடந்து செல்லலாகாது. மைனா, கொண்டைக்குருவி, காகம், தேன்சிட்டு ஆகியவை தேனுக்காக அங்கே கூடுகின்றன. அம்மரத்தடியில் அரைமணி நேரம் அமைதியாக நிற்பது, இரண்டு மைல் நடப்பதைவிடப் பயன் தரும். மார்ச்சு மாதத்தில் பலாசும் மலர்கிறது. ஹோலிப் பண்டிகைக்குரிய மஞ்சட் சாயம் அதன் பூவிலிருந்தே வழிவழியாக எடுக்கப்பட்டு வந்தது.

இக்குன்றுகளுக்கே உரிய மரம் தௌ. ஆடுமாடுகள் ஓயாது மேயுமிடங்களில் இது உயர்ந்து வளராமல், பாறைமீது பாய்போலப் படர்ந்து கிடக்கும். இவ்வாறு கிடப்பது நேற்று முளைத்த செடியன்று. பல்லாண்டு வயதுடையதாகவும் இருக்கலாம். மேய்ச்சல் நின்றால் அது நிமிர்ந்து மரமாகும். இதனை அறியாத தொண்டர் வெறும் புதரென்று வெட்டியெறிந்தால் இழப்பு பெரிது. ஏனெனில் தௌ விதைகளில் முளைப்பவை மிகச் சிலவே. பரீதாபாத் மாவட்டத்து மங்கர் பனியில் கிராம மக்கள் தெய்வக் காடாகப் போற்றிவந்தமையால் தௌ மரங்கள் இன்றும் செழித்துள்ளன.

தொண்டர்களுக்குக் கடினமான வேலை தருவது, தமிழ்நாட்டிலும் நன்கு அறியப்பட்ட சீமைக்கருவேல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரம், புதுடில்லி அமைக்கப்பட்ட காலத்தில் குன்றுகளைப் பசுமையாக்கும் பொருட்டு இங்கே பரப்பப்பட்டது. நாட்டு மரங்கள் இலையுதிர்த்து நிற்கையில் தொலைவில் தெரியும் பசுமை பெரும்பாலும் இதனுடையதே. ஆதலால் அதன் பரவலைக் குறித்துக்கொள்ள இளவேனில் உகந்தது. தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல தண்டுகள் கிளைக்கும். மண்ணுக்குள் இருக்கும் வேர்முடிச்சையும் தோண்டியெடுத்தல் இன்றியமையாதது. நெற்றுகளைத் தின்னும் கால்நடைகளும் நீல்காய் மான்களும் சாணத்தின் வழியே விதைகளைப் பரப்புகின்றன. எனினும், ஒரே ஆண்டில் முழுவதையும் அகற்றுவது அறிவுடைமையன்று. வேறு மறைவிடம் உண்டாகும் முன்னர் அதில் அடையும் பறவைகள் போக்கிடமின்றித் தவிக்கும், மண்ணும் அரிக்கப்படும். பகுதி பகுதியாக அகற்றி, வெற்றிடத்தில் நாட்டு மரங்களை நடுவதே முறை.

இம்முறையால் விளையக்கூடியதைக் குருகிராமில் நேரில் காணலாம். கல்லெடுத்துக் கைவிடப்பட்ட சுமார் 380 ஏக்கர் நிலத்தில், 2010ஆம் ஆண்டு முதல் நகராட்சியும் குடிமக்களும் கூடி ஆரவல்லித் தாவரங்களை நாற்றுவிட்டு வளர்த்தனர். பள்ளி மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் நடுவதில் கைகொடுத்தனர். 2022ஆம் ஆண்டில், காப்புக்காடுகளுக்கும் சரணாலயங்களுக்கும் புறம்பே உயிரினப் பாதுகாப்புக்கு உதவும் நிலமென நாட்டிலேயே முதன்முதலாக அது அறிவிக்கப்பட்டது.

நடுகை மழைக்காலத்து வேலை. இளவேனில் உலாவில் கன்று நட முற்படுதல் வீண். கோடை வெயிலில் அவை கருகிவிடும். இப்போது செய்யத்தக்கது, விதை தரும் தாய்மரங்களைத் தேடிக் குறித்து வைப்பதே. குழுவில் இருபது பேருக்கு மேற்படாதிருத்தல் நலம்; விடியற்காலையில் புறப்படுதல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தமதாக்கிக்கொண்டு, வாரம் ஒருமுறை தளிர், மொட்டு, பூ, காய் ஆகியவற்றைத் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதி வரலாம். மாணவர் பள்ளியை விட்டு நீங்கும்போது அம்மரமும் குறிப்பேடும் அடுத்த வகுப்பு மாணவரிடம் ஒப்படைக்கப்படுதல் வேண்டும்.