கள ஆய்வு ஒலிக்கோப்புகளில் மறைந்துள்ள மீத்தரவும் தகவலாளர் அடையாளக் காப்பும்

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியல், கிளைமொழியியல், வாய்மொழி வரலாறு ஆகிய துறைகளில் களப்பணியில் திரட்டப்படும் ஒலிப்பதிவுகள் முதன்மைச் சான்றுகளாகும். தகவலாளர் விரும்பாதவிடத்து ஆய்வேட்டில் அவர்தம் பெயரை மறைத்துப் புனைபெயர் இடுவது வழக்கம். ஆயினும் அப்பதிவு பிறருடன் பகிரப்படும்போது, மறைக்கப்பட்ட பெயரும் ஊரும் கோப்பினுள் எழுத்துவடிவில் எஞ்சியிருக்கக்கூடும். தரவைப் பற்றிய தரவாகிய இம்மீத்தரவை எந்தப் படியிலிருந்து, எவ்வாறு நீக்கவேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மீத்தரவு உறையும் இடங்கள்

எம்பி3 கோப்புகளுக்கென 1996இல் உருவான ஐடி3 முதற்பதிப்பு, கோப்பின் இறுதி 128 பைட்டுகளில் தலைப்பு, கலைஞர், ஆண்டு, குறிப்பு முதலியவற்றைப் பதிந்தது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு பெரும்பாலும் கோப்பின் தொடக்கத்தில் அமைகிறது. நெடிய குறிப்புகளையும் படங்களையும் ஏற்கிறது. இவ்விரண்டும் ஒரே கோப்பில் இடம்பெறலாம் என்பதால், ஒன்றை நீக்கினும் மற்றது எஞ்சக்கூடும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வகுத்த ஒலிபரப்பு வேவ் வடிவத்தில், பதிவின் நாள், நேரம், பதிவை உருவாக்கியவர் ஆகியவற்றுக்குத் தனிப்புலங்கள் உள்ளன. சில கைப்பேசிச் செயலிகள் பதிவு நிகழ்ந்த இடத்தின் பெயரையே தலைப்பாக இடுகின்றன.

இதன் விளைவை ஒப்பாரிப் பதிவொன்றைக் கொண்டு உணரலாம். பாடியவர் பெயர் நீக்கப்பட்டிருப்பினும், ஊரும் நாளும் எஞ்சினால் அது யார் வீட்டுத் துக்கம் என்பதை அவ்வூரார் எளிதில் அறிவர். சாதிய வன்கொடுமை குறித்த வாய்மொழிச் சான்றாயின், அது தகவலாளரின் பாதுகாப்பையே குலைக்கும்.

நீக்கும் முறை

எஃப்எஃப்எம்பெக் மென்பொருளைக் கொண்டு, மீத்தரவை விடுத்து ஒலியை மட்டும் அப்படியே புதிய கோப்பில் படியெடுக்கலாம். மறுகுறியேற்றம் நிகழாமையால் ஒலித்தரம் குன்றாது. ஒலியனியல் ஆய்வுக்கு இது இன்றியமையாதது. இணைக்கப்பட்ட படம் தனி ஓடையாகக் கருதப்படுவதால் அதனைத் தனியே விலக்கவேண்டும். ஆடாசிட்டியில் ஏற்றுமதியின்போது மீத்தரவுப் புலங்களை வெறுமையாக்கலாம். ஆனால் எம்பி3 கோப்பை அவ்வழியே மீண்டும் எம்பி3 ஆக்கினால் தரம் குறையும். நீக்கிய பின்னர்ப் புதிய கோப்பை மீத்தரவு காட்டும் கருவியால் சரிபார்த்தல் வேண்டும்.

கோப்பின் பெயர் இம்முறைகளால் மாறுவதில்லை. பேச்சினிடையே வரும் ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் அவ்வாறே எஞ்சும். அவற்றைக் கேட்டறிந்து நீக்குவது ஆய்வாளர் பொறுப்பாகும்.

முடிவுரை

பாடியவர், இடம், நாள் ஆகிய குறிப்புகளை இழந்த பதிவு சான்றுமதிப்பை இழக்கும். ஆகவே மூலப்படியில் கைவைத்தலாகாது. அதனை முழு மீத்தரவுடன் காப்பகத்தில் பூட்டிவைத்து, பகிர்வதற்கெனத் தனிப்படி ஆக்கி, அதிலிருந்து மட்டுமே நீக்கவேண்டும். இரு படிகளையும் ஒரு குறியெண் இணைக்கலாம். தம் பெயர் பாடலுடன் நிலைக்கவேண்டும் என விரும்பும் கலைஞரின் பெயரை நீக்குவதும் பிழையே. எனவே எதை நீக்குவது, எதை நிறுத்துவது என்பது தகவலாளரின் ஒப்புதலைப் பெறும் வேளையிலேயே முடிவுசெய்யத்தக்கது.