மகாதமனிக் கதவைச் செப்பனிடுதல்

இருதயத்தின் இடது கீழறையினின்று மகாதமனி புறப்படும் வாயிலில், பிறை வடிவான மூன்று இதழ்களையுடைய கதவொன்று உண்டு. வைத்தியர் இதனை வால்வு என்பர். அறை சுருங்குங்கால் அது திறந்து இரத்தத்தை வெளிவிடும், விரியுங்கால் மூடிக்கொள்ளும். இதழ்கள் முற்றும் பொருந்தாவிடில், துடிப்புதோறும் சென்ற இரத்தத்தில் ஒரு பகுதி அறைக்கே மீளும். அச்சுமையையும் தாங்கி அறை பருத்து, நெடுநாள் நோவு காட்டாதுழைத்துப் பின்னர்த் தளரும்.

1832-ல் டப்ளின் நகரத்துக் கொரிகன் என்னும் வைத்தியர், இந்நோயாளரின் நாடி துள்ளியெழுந்து சடுதியில் வீழ்தலை விவரித்தார். துடிப்புக்கேற்பத் தலை அசைதலும் இதற்கோர் அடையாளம். பிரெஞ்சுக் கவிஞர் மியூசேயின் பெயரால் அது வழங்குகின்றது. கவிஞரொருவர் இவ்வழியாகவும் வைத்திய நூலில் இடம்பெற்றது விந்தையே!

1952-ல் வாஷிங்டனில் ஹஃப்நாகல் என்பார், கூட்டிலடைத்த பந்தொன்றை மகாதமனியின் இறங்கு பகுதியிற் பொருத்தினார். கதவின் உண்மையான இடத்தில் ஹார்க்கென் செயற்கைக் கதவை வைத்தது 1960-லேயாம். உலோகக் கதவு நீடித்துழைக்கும். ஆயின் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் வார்பரின் உண்ணல் வேண்டும். அம்மருந்து கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு பயப்பதாகலின், தாய்மையை விரும்பும் இளம்பெண்ணுக்கு இஃது எத்துணை இடர்! விலங்கின் திசுவாலாய கதவோ இளையோர் உடலில் விரைந்து தேயும். ஆதலின் சொந்தக் கதவையே காக்க இயலுமாவென நாம் வினவுதல் இயல்பே.

கதவு பழுதின்றியிருக்க, நிலை மட்டும் அகன்றுவிட்டால் என் செய்வது? தச்சன் நிலையையன்றோ திருத்துவான்! டொரோண்டோ நகரத்து டைரோன் டேவிட் 1992-ல் வெளியிட்ட முறை இத்தகையதே. இரத்தவோட்டத்தை இயந்திரத்திடம் ஒப்புவித்து, குளிர்ந்த பொட்டாசியக் கரைசலால் இருதயத்தைத் துடிப்பு நிறுத்துவர். வீங்கிய மகாதமனி வேரை அகற்றி, இதழ்களை மட்டும் விட்டு, அவற்றை டேக்ரான் குழாயினுள் வைத்துத் தைப்பர். இருதயத்துக்கே உணவூட்டும் இரு நாடிகளையும் அக்குழாயில் மீண்டும் இணைப்பர். இதழொன்று தொய்ந்திருப்பின் விளிம்பின் நடுவே சிறு கொசுவம் பிடித்துத் தைத்தல் உண்டு. ஜெர்மனியில் ஹோம்பர்க் நகரத்து ஷேஃபர்ஸ், இதழ் விளிம்பின் உயரத்தை அளக்க ஒரு கருவி வகுத்தார். அடிமட்டத்தினின்று ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இருத்தல் நலம்.

மீளத் துடிக்கும் இருதயத்தை, உணவுக்குழாய் வழிச் செலுத்திய ஒலியலைக் கருவியால் அங்கேயே சோதிப்பர். கசிவு மிகுதியெனில், துடிப்பை மறுபடி நிறுத்திச் செப்பனிடவோ, கதவை மாற்றவோ நேரும். ருமாட்டிக் சுரத்தால் இதழ்கள் தடித்துச் சுருங்கியவிடத்துப் பொருத்துதற்குப் போதிய திசுவே இராது. ஆண்டு செம்மை நீடித்தல் அரிது. அத்தகைய நிலையில் தயங்காது மாற்றும் வைத்தியரே விவேகி என்பது எமது துணிபு.