நோட்டீஸ் எழுதக் கூச்சப்படாதே



தம்பி, சைட்டை விட்டு கான்ட்ராக்ட்ஸ் பிரிவுக்கு வந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளைக்கு அலுப்பாகத்தான் இருக்கும். "வேலையை ஒழுங்கா முடிச்சுக் கொடுத்தா பணம் தானா வரும்" என்று சைட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய வேலைக்கு வரும். எழுதாத வேலைக்கும், எதிர்பாராத தாமதத்துக்கும் கடிதம் இல்லாமல் ஒரு ரூபாயும் வராது.

இது நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுத மாட்டார்கள். கன்சல்டன்ட் நல்ல மனுஷர், முகத்தை முறித்துக்கொள்வானேன், இந்த மாச பில்லும் அவர் கையெழுத்தில்தானே பாஸ் ஆகணும் என்ற தயக்கம். தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஃபைனல் பில் போடும்போது அந்த நல்ல மனுஷர் மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவரும் நல்லவராகவே இருக்கலாம். அவர் முன்னால் இருப்பது ஃபைல் மட்டுமே. பின்னால் ஆடிட் நிற்கிறது.

மெட்ரோ, பாலம் மாதிரிப் பெரிய வேலைகளில் பெரும்பாலும் ஃபிடிக் எனும் சர்வதேச மாதிரி ஒப்பந்த நிபந்தனைகளைப் பார்ப்பாய். 1999 பதிப்பின் 20.1 பிரிவை மனப்பாடம் செய். கூடுதல் காலமோ பணமோ வேண்டுமென்றால் 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த 28, உனக்குத் தெரிந்த நாளிலிருந்து மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தும் ஓடும். விவரமான கிளெய்முக்கு 42 நாள். 2017 பதிப்பில் அது 84.

இந்தப் பிரிவைப் பற்றிய ஜிப்ரால்டர் வழக்கைக் கட்டாயம் படி. அங்கே விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் சுரங்கமும் சாலையும் போடும் ஒப்பந்தம் பாதியில் முறிந்து, லண்டன் நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 28 நாளைக் கணக்கிடுவதில் நீதிபதி ஒப்பந்ததாரருக்குச் சாதகமாக, தாராளமாகவே பொருள் கொண்டார். அப்படியும் ஒப்பந்ததாரர் தோற்றார். மாதாந்திர அறிக்கையில் மழையால் வேலை பாதித்தது என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். அது நோட்டீஸே ஆகாது என்றார் நீதிபதி. நம் சைட்டுகளின் மாத அறிக்கைகளில் இந்த வரி இல்லாத அறிக்கை உண்டா? அதிலும் சென்னையில் ஐப்பசி மழைக்கு யார் காலம் தருவார்கள்! வழக்கத்துக்கு மீறிய மழை என்று வானிலைத் துறையின் பழைய கணக்கோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டியது உன் வேலை.

கெடு தவறினாலும் இந்தியச் சட்டம் காப்பாற்றும் என்று வக்கீல் ஆறுதல் சொல்வார். ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு 1997-இல் திருத்தப்பட்டதால், உரிமையைப் பறிக்கும் காலக்கெடு செல்லாது என்று வாதாடலாம். வாதாடத்தான் முடியும், அதுவும் ஆர்பிட்ரேஷனில். அதே 1872 சட்டத்தின் 55-ஆம் பிரிவு உனக்கு எதிராகவும் பேசும்: இடத்தைத் தாமதமாகக் கொடுத்தார்கள், நீயும் நஷ்டம் கேட்பேன் என்று அப்போதே சொல்லாமல் வாங்கிக்கொண்டு வேலை செய்தாய் என்றால், பிறகு நஷ்டஈடு கேட்பது கடினம்.

கடிதம் சிறியதாக இருக்கட்டும். ஒரு விஷயத்துக்கு ஒரு கடிதம். 14-ஆம் தூணின் குழியில் வரைபடத்தில் இல்லாத மின் கேபிள் இன்று காலை தென்பட்டது, தோண்டுவது நின்றிருக்கிறது, அட்டவணையில் இந்த வேலை தள்ளும், இன்ன பிரிவின்கீழ் காலமும் செலவும் கோருகிறோம். போதும். தொகை பிறகு வரட்டும். "உங்கள் அலட்சியத்தால்" என்ற வகைச் சொல் வேண்டவே வேண்டாம். கோபம் ஃபைலில் ஆறவே ஆறாது.

அரசு வேலையாக இருந்தால் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் இருக்கும். தடை வந்த அன்றே எழுதி இரு தரப்புக் கையெழுத்தும் வாங்கு. கடைசி மாதத்தில், ஒரே பேனாவில், ஒரு வருஷத் தடைகளை எழுதி நிரப்பிய ரெஜிஸ்டரை ஆர்பிட்ரேட்டர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

பிரிட்டனில் புழங்கும் என்.இ.சி. ஒப்பந்தங்களின் ஒரு பழக்கத்தை நீ கடன் வாங்கலாம். விலை ஏறலாம், வேலை தள்ளலாம் என்று தெரிந்தவுடன், நடப்பதற்கு முன்பே, இரு தரப்பும் ஒருவரையொருவர் எச்சரிக்க வேண்டும் என்கிறது அது. எச்சரிக்கையெல்லாம் ஒரு பதிவேட்டில் ஏறும். கூடி உட்கார்ந்து வழி தேடுவார்கள். ஒப்பந்ததாரர் எச்சரிக்கத் தவறினால், எச்சரித்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்குமோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் எச்சரிக்கை கிளெய்ம் ஆகாது. கிளெய்முக்குத் தனி நோட்டீஸ், தனிக் கெடு. ஃபிடிக்கும் 2017-இல் முன்னெச்சரிக்கைப் பிரிவைச் சேர்த்துக்கொண்டது. என் கணிப்பில், நம் தயக்கத்துக்கு இதுவே நல்ல மருந்து. பணம் கேட்காத கடிதத்தில் யார் முகமும் வாடாது. இதைச் சாக்காக வைத்து வாரம் இருபது கடிதம் தட்டும் கிளெய்ம் மேனேஜர்களும் உண்டு. அவர்கள் கடிதத்தை யாரும் படிப்பதில்லை, அவசரமானதையும் சேர்த்து.

மாற்றங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. "இந்தச் சுவரை ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்க, அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று சைட்டில் கன்சல்டன்ட் வாய்மொழியாகச் சொல்வார். ஃபிடிக்கின் 1999 சிவப்புப் புத்தகத்தின் 3.3 பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அவர் சொன்ன இரண்டு வேலை நாளுக்குள் நீ எழுதி அனுப்பு. கிடைத்தபின் இரண்டு வேலை நாளுக்குள் அவர் எழுத்தில் மறுக்காவிட்டால், உன் கடிதமே அவருடைய எழுத்துப்பூர்வ உத்தரவாகிவிடும். ரேட் அனாலிசிஸையும் வேலை நடக்கும்போதே கொடு. சுவர் பூசிய பிறகு உள்ளே எத்தனை கம்பி என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் மேலே சொன்ன எண்களை அப்படியே நம்பாதே. உன் ஒப்பந்தத்தின் சிறப்பு நிபந்தனைகளைத் திறந்து பார். 28-ஐ 14 என்று மாற்றியிருக்கலாம். மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தில் கால நீட்டிப்புக் கோரிக்கைக்கு 14 நாள்தான். எந்த நோட்டீஸுக்கு எத்தனை நாள், யாருக்கு, எந்த முகவரிக்கு என்று ஒரே தாளில் எழுதி, சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டு. ஃபோர்மேன் கண்ணிலும் படும்படி ஒட்டு. கேபிளை முதலில் பார்ப்பவர் அவர்தான்.