நம் வீட்டுச் சுவருக்கு நம் தோட்டத்துப் பழம்



லயத்துக் காம்பராக்களுக்கு நாங்கள் போகும்போது சுவர்களைப் பார்ப்பது வழக்கம். சாமி படம் இருக்கும், கல்யாணப் படம் இருக்கும், பழைய கலண்டரும் இருக்கும். பல வீடுகளில் டவுனில் வாங்கிய பழப் படம் ஒன்றும் தொங்கும். அதில் சிவப்பு ஆப்பிளும் கறுப்பு முந்திரிகையும் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் கொய்யா காய்த்துக் கிடக்கும், பப்பாசி மஞ்சளாகித் தொங்கும். அவற்றுக்குச் சுவரில் இடம் இல்லை.

இன்னுமொன்றையும் யோசியுங்கள். கொழுந்து எடுக்கும் பெண்களை வந்து போகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் படம் எங்கெங்கோ சுவரில் தொங்குகிறது. நமக்கு ஒரு பிரதி வருவது அபூர்வம். இப்போது அநேக வீடுகளில் கெமரா உள்ள போன் ஒன்று இருக்கிறது. நம்ம மரத்தை, நம்ம பழத்தை நாமே படமெடுத்து நம்ம வீட்டில் மாட்டினால் என்ன? அதைச் செய்யும் முறையை இந்த இதழில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. பழத்தைத் தெரிவு செய்தல்

மலைநாட்டில் பேரிக்காய், கொய்யா, ஆனைக்கொய்யா, மரத்தக்காளி கிடைக்கும். களுத்துறை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் மங்குஸ்தான், ரம்புட்டான், பலா, அன்னாசி கிடைக்கும். மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை காலம். ரம்புட்டானைப் பறித்த அன்றே படமெடுங்கள். இரண்டு மூன்று நாளில் அதன் முடி கறுத்துவிடும். மங்குஸ்தானில் காம்பும் அதைச் சுற்றிய இதழும் பச்சையாக இருக்க வேண்டும்.

பழத்தில் சின்னப் புள்ளி, காயம் இருந்தால் கவலைப்படாதீர்கள். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ சுமார் 1599இல் ஒரு பழக்கூடையை வரைந்தார். அதிலுள்ள ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டை இருக்கிறது, இலைகள் காய்ந்து சுருண்டிருக்கின்றன. மிலான் நகரத்து அம்ப்ரோசியானா ஓவியக்கூடத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். உள்ளது உள்ளபடி இருப்பதே அந்தப் படத்தின் அழகு.

ஒரு எச்சரிக்கை. படத்துக்காக மரம் ஏற வேண்டாம். குளவிக் கூடு இருக்கும் மரத்துப் பக்கமே போக வேண்டாம். குளவி கொட்டி உயிர் போன சம்பவங்கள் தோட்டங்களில் நடந்திருக்கின்றன. மருந்து தெளித்த மலையை அடுத்த மரத்தின் பழத்தை அந்த நாட்களில் பறிக்கவும் வேண்டாம்.

2. வெளிச்சம்

படத்தில் பாதி வேலையைச் செய்வது வெளிச்சம்தான். உச்சி வெயிலில் எடுத்தால் ஒரு பக்கம் வெள்ளையாக வெளுத்து, மறுபக்கம் கறுப்பாக அடைந்துவிடும். காலை 7 மணி முதல் 9 மணி வரையும், மாலை 4 மணிக்குப் பிறகும் நல்லது. மூடுபனி இருந்தால் இன்னும் நல்லது. பனி வெயிலை வடிகட்டி மெதுவாகக் கொடுக்கும்.

பெரட்டுக்குப் போகிறவர்களுக்குக் காலையில் நேரம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே எடுக்கலாம். "எங்க காம்பரா இருட்டுங்க" என்று பலர் சொல்வதுண்டு. ஒரே கதவு, ஒரே சன்னல் உள்ள காம்பரா இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தம். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும்போது பழத்தின் உருண்டை வடிவம் நன்றாக எடுபடும். பழத்தைக் கதவிலிருந்து 2, 3 அடி உள்ளே வையுங்கள். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி அங்கும் விழும். பல்பை அணைத்துவிடுங்கள். போனின் பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

3. பின்னணி

பின்னால் பானை சட்டி தெரிந்தால் கண் அங்கே போகும். கறுப்புத் துணி, சாக்கு, பழைய பலகை, கொழுந்துக் கூடை எல்லாம் நல்ல பின்னணி. மஞ்சள் பழத்துக்குக் கறுப்பும், கருஞ்சிவப்பு மங்குஸ்தானுக்கு வெள்ளையும் எடுப்பாக இருக்கும். ஒரு பழத்தை வெட்டி வைத்தால் உள்நிறமும் தெரியும். வெட்டிய ஆனைக்கொய்யா சீக்கிரம் கறுக்கும். அதனால் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி தடவுங்கள். பலா வெட்டும் கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் பூசினால் பால் ஒட்டாது.

4. படமெடுத்தல்

முதலில் கெமராக் கண்ணாடியைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். படம் மங்கலாக வருவதற்குப் பெரும்பாலும் கைரேகையும் எண்ணெயுமே காரணம். திரையில் பழத்தின் மேல் விரலால் ஒருமுறை தட்டினால் அந்த இடம் தெளிவாகும். விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். நீங்களே கிட்டப் போங்கள். கை ஆடாமலிருக்கப் போனை ஒரு டின்மீது சாய்த்து வையுங்கள். பழத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். பிரேமுக்கு வெட்டும்போது அது உதவும்.

5. பிரிண்ட் போடுதல்

தெளிவான படத்துக்கு 1 அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொதுக் கணக்கு. 8க்கு 10 அங்குலப் படத்துக்கு 2400க்கு 3000 புள்ளி, அதாவது 72 இலட்சம் புள்ளி வேண்டும். 8 மெகாபிக்சல் போனே போதும். ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். 'டொக்கியுமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். அல்லது போனையே ஸ்டூடியோவுக்குக் கொண்டு போங்கள். விலையை முன்கூட்டியே கேட்டு, முதலில் 4க்கு 6 அங்குலத்தில் ஒன்று போட்டுப் பாருங்கள்.

6. மாட்டுதல்

நம் சுவர்களில் ஈரம் உண்டு, அடுப்புப் புகையும் உண்டு. அடுப்பங்கரைச் சுவரில் மாட்டாதீர்கள். நேர் வெயில் விழும் இடத்தில் நிறம் மங்கும். பிரேமின் பின்பக்க மூலைகளில் சின்ன மரத்துண்டு அல்லது போத்தல் மூடி ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும், பூஞ்சணம் பிடிப்பது குறையும். கண்ணாடி படத்தோடு ஒட்டாமலிருக்க ஓரத்தில் காட்போட் வையுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் இருந்தால் எல்லோர் கண்ணுக்கும் படும்.

7. படமெடுத்த பிறகு

பழத்தைக் கழுவிப் பிள்ளைகளோடு சாப்பிடுங்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது. அதே அளவு தோடம்பழத்தில் உள்ளதைப் போல இது ஏறக்குறைய 4 மடங்கு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விற்றமின் சி உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி அதைத் தடுக்கும். ஆகவே தேத்தண்ணியைச் சாப்பிட்டு 1 மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரத்தச்சோகை உள்ள தாய்மார் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

படத்தின் பின்புறம் மரம் நட்டவர் பெயரையும் படமெடுத்த திகதியையும் எழுதி வையுங்கள். பாட்டி நட்ட கொய்யாவை நாளைக்கு வெட்ட நேரலாம், குடும்பம் வேறு டிவிசனுக்குப் போகலாம். அப்போதும் இந்த மண்ணில் நம்ம கை நட்டது என்ன, காய்த்தது என்ன என்று பேரப்பிள்ளை கேட்டால் சுவரைக் காட்டலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பழத்தோடு ஆரம்பியுங்கள்.