ஒரே டேபிளில் ஊரையே அடைக்கலாமா?

வாடிக்கையாளர் தொடர்புகளைப் பதிவு செய்ய ஒரு புரோகிராம் வேண்டும் என்று யாராவது கேட்டால், நம்மில் பலரும் முதலில் செய்வது என்ன? ஒரே ஒரு டேபிள்! கம்பெனி பெயர், முகவரி, ஆள் பெயர், போன்1, போன்2, போன்3, கடைசியாகப் பேசிய தேதி, பேசிய விஷயம். எல்லாவற்றையும் அதிலேயே திணித்து விடுவோம். புராஜெக்ட்டுக்காக ஒரு மோட்டார் பம்ப் ஏஜென்சிக்கு நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் வந்தது வினை.

ஒரு மில்லில் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். ஆகவே ஐந்து ரெக்கார்டு. மில்லின் முகவரியும் ஐந்து தடவை. மில் ஆபீஸ் இடம் மாறியபோது மூன்று ரெக்கார்டில்தான் திருத்தினார்கள். கொட்டேஷன் பழைய முகவரிக்குப் போனது. ஆர்டர் வேறு கடைக்குப் போனது. இன்னொரு கம்பெனியில் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வேலையை விட்டதும் ரெக்கார்டை அழித்தார்கள். கூடவே கம்பெனி முகவரியும் போச்சு! முதலாளி கூப்பிட்டு, "தம்பி, எங்க பழைய நோட்டே தேவலை போலிருக்கே" என்றார்.

இந்த வியாதிக்கு மருந்து புதிதல்ல. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய இ.எஃப். காட், 1970-ல் ரிலேஷனல் மாடலை வெளியிட்ட கட்டுரையிலேயே நார்மலைசேஷன் பற்றிச் சொல்லிவிட்டார். ஒரு செய்தி ஓர் இடத்தில் மட்டும் இருக்கணும், அவ்வளவுதான்.

எனவே கம்பெனிக்கு ஒரு டேபிள், ஆளுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்தான் பிரைமரி கீ. போன் தனியாக வந்துவிட்டால், நாலாவது நம்பரை எங்கே போடுவது என்ற கவலை இல்லை. (போன் ஃபீல்டை நியூமரிக்காக வைக்காதீர்கள். 0422 என்பது 422 ஆகிவிடும். பட்ட பிறகுதான் தெரிந்தது!)

ஆள் டேபிளிலேயே கம்பெனி எண்ணை ஃபாரின் கீயாக வைத்தால் போதாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பர்ச்சேஸ் மேனேஜர் ஒருவர் வேறு மில்லுக்கு மாறினால்? எண்ணை மாற்றிய நிமிஷமே, பழைய மில்லுக்காகப் பேசியதெல்லாம் புது மில்லின் கணக்கில் தெரியும். அதனால் நடுவில் 'பணி' என்று ஒரு டேபிள்: ஆள் எண், கம்பெனி எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி. மாறினால் பழைய ரெக்கார்டில் விலகிய தேதி போட்டு, புதிதாக ஒன்று சேர்க்க வேண்டியதுதான். பேச்சு விவரங்கள் இன்னொரு டேபிளில், பணி எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு ரெக்கார்டு; முன்பு போல் புதியது பழையதை அழிக்காது.

டேபிள் போடுவது எளிது. உள்ளே இருக்கும் டேட்டாவை மாற்றுவதுதான் நாக்குத் தள்ளும் வேலை. முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்தேன். கம்பெனிப் பெயர்களை 'செலக்ட் டிஸ்டிங்க்ட்' போட்டு எடுத்தால், 'அன் கோ' ஒன்று, 'அண்டு கோ' இன்னொன்று! 1996-லேயே மெட்ராஸ் சென்னையாகிவிட்டது. டேபிளில் இரண்டும் இருந்தன. கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறுதான். உட்கார்ந்து கையால்தான் திருத்தினேன்.

கடைசியில் எண்ணிக்கை பார்த்தேன். பழைய டேபிளில் 412 ரெக்கார்டு. பணி டேபிளில் 409. மீதி மூன்றில் கம்பெனி பெயர் ஃபீல்டே காலி. முதலாளியிடம் காட்டினேன். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்து மூன்றையும் சொன்னார். அழிந்துபோன அந்த முகவரியும் அதிலேயே இருந்தது.