கூடாரத்துக்கு முன்னால் தேதி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது, வேலை செப்டம்பரில்தான், நடுவில் ஒரு கோடை முழுசாகக் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நண்பர்கள் இரண்டு பேர், ஒரே கூடாரம், மூன்று வாரம், தென் ஐரோப்பாவின் திருவிழாக்கள். படிக்கும்போதே பொறாமையாக இருந்தது. கூடவே வைத்திருந்த பட்டியலைப் பார்த்ததும் பொறாமை போய்ச் சிரிப்பு வந்தது. சியேனாவின் குதிரைப் பந்தயம், பம்ப்லோனாவின் காளை ஓட்டம், வெனிஸின் வாணவேடிக்கை, புன்யோலின் தக்காளிச் சண்டை. முதலாவது ஜூலை 2. கடைசியது ஆகஸ்ட் மாதத்தின் கடைசிப் புதன். உன் மூன்று வாரத்துக்குள் எட்டு வாரத்தை அடைக்கப் பார்த்திருக்கிறாய்.

கூடாரம் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாட்காட்டி வாங்கு. நம் ஊரில் திதியும் நட்சத்திரமும் பார்த்து விழா வைக்கிறோம். இங்கேயும் கணக்கு உண்டு, மூன்று விதமாக. முதல் விதம், தேதி மாறாதது. புனித யோவானின் இரவு எந்தக் கிழமையானாலும் ஜூன் 23. பம்ப்லோனா விழா ஜூலை 6 நண்பகலில் தொடங்கி 14 நள்ளிரவில் முடியும். இந்த வகை சனி, ஞாயிறில் விழுந்தால் கூட்டம் தாங்காது; செவ்வாய், புதனில் விழுந்தால் உனக்கு அதிர்ஷ்டம். இரண்டாவது, கிழமை பார்ப்பது. வெனிஸின் ரெதென்தோரே விழா ஜூலை மூன்றாம் ஞாயிறு. வாணவேடிக்கை அதற்கு முந்தின இரவு. மூன்றாவது, ஆண்டு விட்டு வருவது. போர்ச்சுகலின் தொமார் ஊரில் பெண்கள் தங்கள் உயரத்துக்கு ரொட்டியும் காகிதப் பூவும் அடுக்கிய கோபுரங்களைத் தலையில் சுமந்து வருவார்கள். நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான். 2019, 2023 என்று வந்தது, கணக்குப்படி அடுத்தது 2027. அந்த ஊருக்கு மற்ற வருடம் போனால் கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15-ஐச் சிவப்பு மையால் வட்டமிடு. மரியன்னை விண்ணேற்பு நாள். இத்தாலியில் அதற்கு ஃபெர்ரகோஸ்தோ என்று பெயர். அந்த வாரம் நாடே விடுமுறையில் போய்விடும். கடலோரத்தில் கூடாரம் போட இடம் கிடைக்காது, உள்ளூரில் கடை திறந்திருக்காது.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு இரண்டு விழா போதும். எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்க நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: வெளியூர்க்காரர் ஒருவரும் வராவிட்டாலும் அந்த ஊர் இதை நடத்துமா? சியேனா நடத்தும். அங்கே 17 பேட்டைகள். ஒரு பந்தயத்தில் பத்துப் பேட்டைகளின் குதிரைகள் சேணம் இல்லாமல் மூன்று சுற்று ஓடும். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடியும். அந்த ஒன்றரை நிமிடத்துக்காகச் சதுக்கத்தின் நடுவே மணிக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டும். உள்ளே போனால் பந்தயம் முடியும்வரை வெளியே வருவது கடினம். சியேனாதான் வேண்டுமென்றால் முந்தின நாட்களின் ஒத்திகை ஓட்டத்துக்குப் போ. பேட்டைக்காரர்கள் பாடிக்கொண்டு வருவதைப் பக்கத்தில் பார்க்கலாம். புன்யோல் வேறு கதை. 2013-லிருந்து அங்கே டிக்கெட் வைத்துவிட்டார்கள். பம்ப்லோனாவில் வேடிக்கை பார், ஓடாதே. 1910-லிருந்து அங்கே குறைந்தது 16 பேர் இறந்திருக்கிறார்கள். உன் அம்மாவுக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது.

நான் சொல்லும் இரண்டும் உன் பட்டியலில் இல்லை: போர்ச்சுகலின் போர்த்தோவில் ஜூன் 23, புனித யோவானின் இரவு. பிரான்சின் ஆர்லில் ஜூலை முதல் திங்கள்.

போர்த்தோ விழாவின் சின்னம் ஒரு பிளாஸ்டிக் சுத்தியல். அமுக்கினால் கீச்சென்று கத்தும். தெருவில் யார் தலையில் வேண்டுமானாலும் யாரும் தட்டலாம். பாட்டி தட்டுவாள், போலீஸ்காரர் தட்டு வாங்குவார், யாருக்கும் கோபம் வராது. தெருவெல்லாம் கரி அடுப்பில் மத்தி மீன் சுடும் புகை. வீட்டு வாசல்களில் சின்னச் சின்னச் சட்டிகளில் மஞ்செரிக்கோ என்ற செடி விற்பார்கள். நம் துளசியின் தம்பி மாதிரி. இலை மிகச் சிறியது, செடி பந்துபோல் உருண்டையாக இருக்கும். சட்டியில் காகிதப் பூ ஒன்றும், நாலு வரிப் பாட்டு எழுதிய குட்டிக் கொடி ஒன்றும் செருகியிருக்கும். நான் முதல் தடவை குனிந்து மூக்கை வைக்கப் போனேன். விற்ற அம்மாள் என் நெற்றியில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். மூச்சுப் பட்டால் செடி வாடும் என்பது அவர்கள் நம்பிக்கை. உள்ளங்கையைச் செடிமேல் மெல்ல வைத்து எடுத்து, கையைத்தான் முகர வேண்டும். அதை அவள் செய்து காட்டினாள். அந்த இரவில் பார்த்த வாணவேடிக்கை மறந்துவிட்டது. அந்தக் கை நினைவிருக்கிறது.

அதே இரவில்தான் ஒரு பாடமும் படித்தேன். கூடாரம் போடும் கட்டண இடங்கள் போர்த்தோ நகருக்குள் இல்லை. டோரோ ஆற்றின் தென்கரையில், கயா பக்கக் கடலோரத்தில் இருக்கின்றன. போகும்போது பஸ்ஸில் போனேன், திரும்புவதை யோசிக்கவில்லை. நள்ளிரவு வாணவேடிக்கை முடிந்ததும் பாலத்தில் ஒரே நெரிசல், பஸ்ஸைக் காணோம். ரப்பர் செருப்போடு எட்டு கிலோமீட்டர் நடந்து விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். ஆகவே இடம் பதிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியது நீச்சல்குளமோ விலையோ அல்ல. இரவு இரண்டு மணிக்கு அங்கே எப்படிப் போய்ச் சேருவாய் என்பது. விழாவின் நடுவே தங்காதே, தூக்கம் கெடும், பொருள் தொலையும். தொலைவிலும் தங்காதே. நடந்தே திரும்பினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய இடம்தான் சரி. காரில் போனாலும் கவனம்: பல இடங்களில் இரவு பத்து, பதினொன்றுக்கு மேல் வண்டியை உள்ளே விடமாட்டார்கள்.

இரண்டாவது, ஆர்ல். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமானியர் கட்டிய நீள்வட்ட அரங்கில் ஜூலை முதல் திங்களன்று 'தங்கக் கொக்கார்து' போட்டி நடக்கும். கொக்கார்து என்பது காளையின் நெற்றியில், இரண்டு கொம்புக்கும் நடுவே கட்டிய சிறு சிவப்புத் துணி. கொம்பு அடியில் வெள்ளை நூல்குஞ்சங்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் கையில் ஒரு சிறு கொக்கியோடு காளைக்குக் குறுக்கே ஓடி அவற்றைப் பறிக்க வேண்டும். காளை துரத்தினால் தடுப்புப் பலகையைத் தாண்டிப் பறப்பார்கள். ஒரு காளைக்கு 15 நிமிடம். ஒலிபெருக்கியில் பரிசுத் தொகை ஏறிக்கொண்டே போகும். முடிந்ததும் காளை உயிரோடு மந்தைக்குத் திரும்பும். நன்றாக ஆடிய காளைக்கு பிசேயின் 'கார்மென்' இசையை ஒலிக்க விடுவார்கள். சுவரொட்டியில் வீரர் பெயரைவிடக் காளையின் பெயர் பெரிதாக இருக்கும். லெ கைலார் என்ற ஊரில் 'சங்லியே' என்ற காளைக்குக் கல்லறையே கட்டியிருக்கிறார்கள். வாடிவாசல் பார்த்து வளர்ந்த உனக்கு நான் வேறு என்ன சொல்ல வேண்டும்? ஒன்றே ஒன்று. ஆர்லில் ஸ்பானிய முறையில் காளையைக் கொல்லும் காட்சியும் நடக்கும். டிக்கெட் எடுக்குமுன் 'கமார்கேஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்.

அந்தப் பக்கம் மண் கெட்டி, காற்று முரடு. மிஸ்த்ரால் என்ற வடகாற்று வீசினால் நாள்கணக்கில் நிற்காது. கூடாரத்தோடு தரும் மெல்லிய அலுமினிய முளைகள் வளைந்துவிடும். இரும்பு முளை ஒரு டஜனும் ஒரு சுத்தியலும் வாங்கிக்கொள். நான் சொல்வது கீச்சிடாத சுத்தியல். காற்று நின்றால் கமார்க் சதுப்பிலிருந்து கொசு வரும். கிழக்கே மரம் நிற்கும் இடமாகப் பார்த்துப் போடு. இல்லாவிட்டால் விழா முடிந்து மூன்று மணிக்குப் படுத்தவனை எட்டு மணி வெயில் அடுப்பில் வைத்ததுபோல் எழுப்பிவிடும்.

கூடாரத்தின் முன் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பாடும் படம் உன் மனதில் இருக்குமானால் இன்றே அழித்துவிடு. 2017 ஜூனில், இதே யோவான் விழாவுக்குச் சில நாள் முன்னால், போர்ச்சுகலின் பெத்ரோகாவ் கிராந்தே பகுதிக் காட்டுத் தீயில் 66 பேர் மாண்டார்கள். போர்த்தோவில் வழக்கமாகப் பறக்கவிடும் காகித நெருப்பு பலூன்களையே தீ அபாயம் உள்ளபோது தடை செய்கிறார்கள். ஆர்ல் இருக்கும் மாவட்டத்தில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை காட்டுக்குள் போவதற்கே அன்றன்றைய அபாய நிலையைப் பார்க்க வேண்டும். கண்ட இடத்தில் கூடாரம் போடுவதற்கும் இந்த நாடுகளில் பெரும்பாலும் தடை உண்டு. கட்டண இடத்தில் தங்கு. பிரான்சில் ஊராட்சியே நடத்தும் இடங்கள் மலிவாகக் கிடைக்கும். சமையல் வாயுக் குடுவையை விமானத்தில் கொண்டுபோக முடியாது. இறங்கிய ஊரில் வாங்கு. உன் அடுப்பு எந்த வகைக் குடுவைக்குப் பொருந்தும் என்று முன்பே தெரிந்து வைத்திரு. ஆபத்து எதுவானாலும் எல்லா நாட்டிலும் எண் 112.

காகித வேலை கொஞ்சம். பாஸ்போர்ட்டும் ஜெர்மன் ரெசிடன்ஸ் பெர்மிட்டும் இரண்டும் உடன் இருக்கட்டும். இடம் தருபவர்கள் கேட்பார்கள். படிப்பு முடிந்தவன் நீ, பெர்மிட் எந்தத் தேதிவரை என்று முதலில் பார். அது செல்லுபடியாகும்வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் சுற்றலாம். ரயில் பாஸ் எடுத்தால், நீ ஐரோப்பாவில் வசிப்பவன், ஆகவே உனக்கு யூரெயில் அல்ல, இன்டர்ரெயில். பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், ஸ்பெயின் அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் போ, ஒரு நாள் கழித்துக் கிளம்பு. முந்தின நாள்தான் தோரணம் கட்டுகிறவனுக்கு ஏணி பிடிக்க ஆள் தேவைப்படும். உனக்கு மொழி தெரியாவிட்டாலும் ஏணி பிடிக்கத் தெரியும். மறுநாள் தெரு கூட்டும்போது ஊர்க்காரர்கள் பேச நேரம் வைத்திருப்பார்கள். விழா அன்று நீ கூட்டத்தில் ஒரு தலை. அந்த இரண்டு நாளில்தான் விருந்தாளி.

போர்த்தோவுக்கு ஜூன் 21, ஆர்லுக்கு ஜூலை முதல் திங்களுக்கு முந்தின வார இறுதி. மோன்பெலியேயிலிருந்து ஆர்லுக்கு நானும் வருகிறேன். முதலில் டிக்கெட் எடு, பிறகு கூடாரம் வாங்கு, அதற்குப் பிறகு எனக்கு எழுது. டிக்கெட் எடுக்காமல் இன்னொரு பட்டியல் அனுப்பினால் பதில் போடமாட்டேன்.

அன்புடன்,
மாமா