பசுங்கூரையும் மாடித்தோட்டமும்: வெப்பச் செயல்திறன் நோக்கில் ஒரு சொற்பொருள் ஆய்வு

திறவுச்சொற்கள்: பசுங்கூரை, மாடித்தோட்டம், வெப்பக் காப்பு, நீராவிப்போக்கு, கற்காரைத் தளம்

முன்னுரை

கட்டிடவியல் சார்ந்த அறிவியல் தமிழ் எழுத்துகளில் ‘பசுங்கூரை’, ‘மாடித்தோட்டம்’ ஆகிய இரு சொற்களும் ஒருபொருட் பன்மொழிகளாக ஆளப்படுவதுண்டு. வீட்டின் வெப்பத்தைத் தணிக்கும் என்னும் சிறப்பும் இரண்டிற்கும் ஒன்றுபோல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. வெப்பவியல் நோக்கில் இவை வெவ்வேறு பொருள்களைச் சுட்டுவன என்பதையும், பசுங்கூரையின் பயன் அது அமையும் கட்டிடத்தைப் பொறுத்துப் பெருகவும் சுருங்கவும் செய்யும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழ் வழக்கில் ‘கூரை வீடு’ என்பது ஓலையோ புல்லோ வேய்ந்த வீடு. கற்காரைத் தளமிட்டது மாடி வீடு; அதன் மேற்பரப்பு மொட்டைமாடி. ஆதலின் ‘பசுங்கூரை’ என்னும் ஆக்கச்சொல் பச்சை ஓலை வேய்ந்த குடிலை நினைவூட்டக்கூடும். இவ்விடர் இருப்பினும் அச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. முழுப் பரப்பையும் மூடிநிற்பது என்னும் பொருள் ‘கூரை’யில் உண்டு, இங்கு வேண்டப்படுவதும் அதுவே. நீர்த்தடுப்புப் படலம், வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, மண், செடி என ஒன்றன்மேல் ஒன்றாகத் தளம் முழுவதும் பரவிய அமைப்பே பசுங்கூரை. மாடித்தோட்டத்திலோ தொட்டிகளுக்கும் பைகளுக்கும் இடைப்பட்ட தளம் வெயிலில் காய்ந்துகொண்டேயிருக்கும். தமிழகத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கிய மாடித்தோட்டத் தொகுப்புகள் காய்கறி விளைவிப்பதற்கென அமைந்தவை. அவற்றின் மீது வெப்பத் தணிப்பையும் ஏற்றிக் கூறுவது மிகை.

அளவீடுகள் உணர்த்துவன

கனடா தேசிய ஆராய்ச்சி மன்றம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஒட்டாவா நகரில் ஒரு சோதனைக் கூரையைக் கண்காணிக்கத் தொடங்கியது. கூரை இரு சம பாதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதியில் 15 செ.மீ. ஆழத்திற்கு மண் பரப்பிச் செடிகள் வளர்க்கப்பட்டன. மறுபாதி வெறுமையாக விடப்பட்டது. கோடை நண்பகலில் வெறும் பாதியின் நீர்த்தடுப்புப் படலம் 70 பாகை செல்சியசை எட்டியபோது, மண்ணுக்கடியில் இருந்த படலம் ஏறத்தாழ 25 பாகையிலேயே நின்றது. இளவேனிலிலும் கோடையிலும் கூரைவழி வெப்பப் பாய்வால் எழும் ஆற்றல் தேவை 75 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. பனிக்காலத்தில் கிடைத்த பயன் இதனினும் மிகக் குறைவு.

இந்த 75 விழுக்காடு கூரைவழிப் பாய்வைக் குறிப்பதேயன்றிக் கட்டிடத்தின் மொத்த ஆற்றல் செலவைக் குறிப்பதன்று. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டு எழுதினால், பசுங்கூரை அமைத்தால் மின்கட்டணத்தில் முக்கால் பங்கு குறையும் என்று படிப்போர் பொருள்கொள்வர். ஏதென்சுக்கு அண்மையிலுள்ள லூத்ராக்கியில் ஒரு விடுதிக் கட்டிடத்தை அடிப்படையாகக் கொண்டு 2001இல் வெளிவந்த ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. வெப்பக் காப்பு அறவே இல்லாத கட்டிடத்தில் ஆண்டு ஆற்றல் செலவு மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் குறையும் எனவும், நன்கு காப்பிட்ட கட்டிடத்தில் அக்குறைவு 2 விழுக்காட்டைக்கூடத் தாண்டாது எனவும் அவ்வாய்வு கணித்தது. முன்னரே ஆற்றல் சிக்கனத்துடன் கட்டப்பட்ட மாளிகையின் உச்சியில் பசுமை படர்வது காட்சிக்கு இனிது. வெப்பக் கணக்கில் அதன் பங்கு சிறிது.

தமிழகச் சூழல்

தமிழக நகரங்களில் காப்படுக்கு இன்றி எழுப்பப்பட்ட கற்காரைத் தள வீடுகளே மிகுதி. பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவில் அறைக்குள் உமிழும் இத்தளங்களுக்கே பசுங்கூரை பெரிதும் பயன்படும். ஆயின் அது வெறும் போர்வையன்று. நிழலும் மண்ணின் வெப்பத் தேக்கமும் ஒருபுறமிருக்க, குளிர்ச்சியின் கணிசமான பகுதி நீர் ஆவியாவதால் விளைகிறது. 1 லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியானால் 2 யூனிட் மின்சாரத்திற்கு ஈடான வெப்பம் அகலும். 100 சதுர மீட்டர் மாடிக்கு இது நாளும் 300 லிட்டர் நீராகிறது. அதுவும் குடிநீருக்கே லாரியை எதிர்நோக்கும் சித்திரை, வைகாசியில்! குளியலறைக் கழிவுநீரை வடிகட்டிப் பாய்ச்சும் வழியில்லாத வீட்டில் செடி காயும். காய்ந்த மண் காப்பாக நிற்குமேயன்றி ஆவியாதலால் வரும் குளிர்ச்சியைத் தராது.

எடை மற்றொரு தடை. மக்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நெறி 875 கொள்ளச் சொல்லும் இயங்குசுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. நீர் ஊறிய 15 செ.மீ. மண்ணோ 270 கிலோ அளவிற்குக் கனக்கும். தேவை மிகுந்த பழைய வீடுகளே இச்சுமையைத் தாங்க இயலாதவை. தென்னைநார்க்கழிவு கலந்த மெல்லிய மண்ணடுக்கு எடையைக் குறைக்கும், நீரையும் ஓரளவு பிடித்துவைக்கும். எனினும் ஆழம் குறையக் குறைய அது விரைவில் உலர்வதால், பாய்ச்ச வேண்டிய முறைகள் கூடும். கட்டுமானப் பொறியாளர் தளத்தை ஆய்ந்து ஒப்பாத வீடுகளில், சுமையேற்றாத வெண்சுண்ணப் பூச்சே பொருந்தும்.